பிரபஞ்சத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டா? எண்ணிப் பார்க்கும் வழி

ஓமலூரான்
21 பிப்ரவரி 2025, இரவு 9.12

பிரபஞ்சம் எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரே மாதிரி என்று எல்லாப் புத்தகமும் முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. யார் சோதித்தார்கள், எப்படிச் சோதித்தார்கள் என்பது வருவதே இல்லை. ஏற்காட்டில் பகோடா பாயின்ட் பக்கம் இருட்டில் நின்றாலே ஒரு பக்கம் பால்வீதி அப்பிக் கிடக்கிறது, இன்னொரு பக்கம் வெறிச்சென்று இருக்கிறது. நுண்ணலைப் பின்னணியை, அதாவது பெருவெடிப்பின் மிச்ச ஒளியை, அளந்த பிளாங்க் செயற்கைக்கோள் படத்தில் ஏதோ ஓர் அச்சு தெரிகிறதாம். குவேசார்களை (தொலைதூரக் கேலக்ஸிகளின் பிரகாசமான கருக்கள்) எண்ணியவர்கள் ஒரு பாதி வானத்தில் அதிகம் கண்டார்களாம்.

இரண்டு கேள்வி. "ஒரே மாதிரி" என்பதை எந்த எண்ணால் அளக்கிறார்கள்? பொதுவில் கிடைக்கும் பட்டியல்களை இறக்கி, வீட்டு மடிக்கணினியிலேயே அதைச் செய்ய முடியுமா?


அஸ்தம்பட்டி
21 பிப்ரவரி 2025, இரவு 10.05

முடியும். 8 ஜிபி நினைவகம் தாராளம். கஷ்டம் கணக்கில் இல்லை, பட்டியலில் இருக்கிறது.

"ஒரே மாதிரி" என்றால் ஒவ்வொரு புள்ளியும் அச்சு அசலாக என்று பொருள் இல்லை. வானத்தை எப்படிச் சுழற்றி வைத்தாலும் சராசரி எண்ணிக்கை, அதன் ஏற்ற இறக்கம், குறிப்பிட்ட கோண இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தொடர்பு, இவை மாறக் கூடாது. பால்வீதி இந்தக் கணக்கில் சேராது. அது நாம் உட்கார்ந்திருக்கும் தட்டு. கேலக்டிக் அட்சரேகை (பால்வீதித் தளத்திலிருந்து அளக்கும் கோணம்) 15 முதல் 30 பாகைக்குள் வருவதை எல்லாம் மறைத்துவிட்டுத்தான் எண்ணவே தொடங்குவார்கள்.

எளிய சோதனை இருமுனை. வானத்தின் ஒரு பக்கம் எண்ணிக்கை கொஞ்சம் கூடி, நேரெதிர்ப் பக்கம் அதே அளவு குறைந்து, நடுவில் கொசைன் போல மாறுகிறதா என்று பார்ப்பது. விடையாக ஓர் அளவும் ஒரு திசையும் வரும்.

இதில் பலர் தவறவிடும் இடம்: எதிர்பார்க்க வேண்டிய விடை பூஜ்யம் அல்ல. சூரியக் குடும்பம் ஓடிக்கொண்டிருக்கிறது. நுண்ணலைப் பின்னணியின் வெப்பநிலை 2.7255 கெல்வின். அதில் ஒரு பக்கம் 3.362 மில்லிகெல்வின் கூடுதல், எதிர்ப்பக்கம் அதே அளவு குறைவு. அதை வேகமாக மாற்றினால் நொடிக்கு 369.82 கிலோமீட்டர், ஒளிவேகத்தில் 0.00123 பங்கு. மழையில் பைக் ஓட்டினால் முன்பக்கச் சட்டைதான் அதிகம் நனையும். அதுபோல நாம் ஓடும் பக்கத்தில் தொலைதூரப் பொருள்கள் நெருங்கித் தெரியும், பிரகாசமும் கொஞ்சம் கூடும். எண்ணிக்கையில் அது எவ்வளவு என்று 1984இல் எல்லிஸும் பால்ட்வினும் எழுதிய சூத்திரம்:

இருமுனை = [2 + எக்ஸ் × (1 + ஆல்ஃபா)] × (வேகம் ÷ ஒளிவேகம்)

முதல் 2 திசை நெருக்கத்தால் வருவது. எக்ஸ் என்பது ஃப்ளக்ஸ் (நம்மை வந்தடையும் ஒளி அல்லது ரேடியோ அலையின் அளவு) வரம்பைக் குறைக்கக் குறைக்க எண்ணிக்கை எந்த அடுக்கில் ஏறுகிறது என்பது. ஆல்ஃபா நிறமாலைச் சரிவு, அதாவது அலைவரிசை ஏற ஏற ஃப்ளக்ஸ் எந்த அடுக்கில் குறைகிறது என்பது. ரேடியோ மூலங்களுக்கு எக்ஸ் 1, ஆல்ஃபா 0.75 என்று வைத்தால் 3.75 × 0.00123 = 0.0046. ஆயிரத்துக்கு ஐந்துகூட இல்லை.

சோதனை இதுதான்: எண்ணிக்கையில் கிடைக்கும் இருமுனையும் நுண்ணலைப் பின்னணி சொல்லும் இருமுனையும் அளவிலும் திசையிலும் பொருந்துகின்றனவா? பொருந்தினால் அது நம் ஓட்டம் மட்டும். மிஞ்சினால், ஒன்று பிரபஞ்சத்துக்கே ஒரு திசை உண்டு, இல்லையேல் பட்டியலில் கோளாறு.


மலைப்பாதை
21 பிப்ரவரி 2025, இரவு 11.30

திசையைக் கண்ணாலேயே குறித்துக்கொள்ளலாம். வானத்தின் தீர்க்கரேகையான ரைட் அசென்ஷன் 11 மணி 12 நிமிடம், அட்சரேகையான டெக்ளினேஷன் மைனஸ் 7 பாகை. மகம் நட்சத்திரத்திலிருந்து சித்திரைக்கு ஒரு கோடு இழுங்கள். மகத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு வந்து, அங்கிருந்து தெற்கே நீட்டிய கையின் ஒரு முட்டி அளவு இறங்கினால் அந்த இடம். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, மங்கலான வெறும் வானம். நாம் ஓடுவது அந்தப் பக்கம்.

சேலத்தின் அட்சரேகை 11.65 என்பதால் அந்த இடம் தெற்கே 71 பாகை உயரம் வரை ஏறும். மார்ச் 10 வாக்கில் நள்ளிரவு 12.15க்கு உச்சம், ஆனால் அப்போது நிலவு இருக்கும். இந்த மாதம், பிப்ரவரி 28ஆம் தேதி அமாவாசை. அன்று இரவு ஒரு மணியை ஒட்டிப் பார்ப்பது மேல்.

இந்த ஊருக்கு இன்னொரு கொடுப்பினை. ஓர் ஆண்டு முழுக்கக் காத்திருந்தால் வானத்தின் 99 சதவீதம் நம் தொடுவானத்துக்கு மேலே வந்து போகும். 30 பாகை உயரத்துக்கு மேல் வருவது மட்டும் என்றாலும் 85 சதவீதம்.


கன்னங்குறிச்சி
22 பிப்ரவரி 2025, காலை 6.50

அஸ்தம்பட்டி சார் 0.0046 என்று எழுதியதை இரைச்சலோடு சேர்த்துப் படிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓமலூர் தம்பி சின்னப் பட்டியலை எடுத்து ஏமாந்துபோவார்.

முழு வானத்தில் சும்மா தூவிய புள்ளிகளுக்கும் ஓர் இருமுனை வரும். ஒவ்வொரு அச்சிலும் அதன் திட்ட விலக்கம்: 3ஐ மொத்த எண்ணிக்கையால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். அதிலிருந்து, 0.0046ஐ 3 சிக்மாவில் (திட்ட விலக்கத்தின் மூன்று மடங்கில்) பிடிக்க ஏறத்தாழ 13 லட்சம் மூலங்கள் வேண்டும். 5 சிக்மாவுக்கு 35 லட்சம். மாஸ்க் போட்டால், அதாவது வானத்தின் ஒரு பகுதியை மறைத்தால், இன்னும் கூடும்.

காம்ப்டன் செயற்கைக்கோளில் இருந்த பாட்ஸி கருவி 1991 முதல் 2000 வரை 2704 காமா வெடிப்புகளைப் பதிந்தது. அவை வானம் முழுக்கச் சமமாகப் பரவியிருந்ததுதான் அவை நம் பால்வீதித் தட்டைச் சேர்ந்தவை அல்ல என்பதற்குப் பெரிய சான்று. ஆனால் 2704க்குத் திட்ட விலக்கம் 0.033. பத்து சதவீத இருமுனையை மறுக்க அது போதும். நம் ஓட்டத்தைப் பார்க்கப் போதவே போதாது. "சமமாக இருக்கிறது" என்று யார் சொன்னாலும் "எத்தனை சதவீதம் வரை" என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இருமுனையின் அளவு எப்போதும் நேர்மறை. உண்மையில் இருமுனையே இல்லாத 3 லட்சம் புள்ளிகளை அளந்தாலும் சராசரியாக 0.0050 வரும். எதிர்பார்க்கும் 0.0046ஐ விட அதிகம்! அளவை மட்டும் பார்த்து "கிடைத்துவிட்டது" என்று எழுதும் கட்டுரைகளை நம்பாதீர்கள். மூன்று கூறுகளையும் தனித்தனியே பிழையோடு கேளுங்கள்.


ஓமலூரான்
22 பிப்ரவரி 2025, மாலை 5.20

என்விஎஸ்எஸ் ரேடியோ பட்டியலை எடுத்து எல்லாத் திசை வெக்டர்களையும் கூட்டினால் இருமுனை 0.54 வருகிறது, வட துருவத்தை நோக்கி. எதிர்பார்ப்பைவிட நூறு மடங்குக்கு மேல். எங்கே இடிக்கிறது?


அஸ்தம்பட்டி
22 பிப்ரவரி 2025, இரவு 9.40

0.54 சரியான எண்தான், அது பட்டியலின் வடிவம். அமெரிக்காவின் விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து எடுத்த 1.4 கிகாஹெர்ட்ஸ் கணக்கெடுப்பு அது. டெக்ளினேஷன் மைனஸ் 40க்குக் கீழே எட்டாது. வானத்தின் 82 சதவீதம்தான் இருக்கிறது. தெற்கே ஒரு தொப்பி காணாமல் போனால் வெக்டர் கூட்டல் வடக்கே சாயும். சைன் கணக்குப் போட்டால் மிகச் சரியாக 0.536.

இரண்டு வழி. ஒன்று, வடக்கிலும் பிளஸ் 40க்கு மேல் வெட்டிவிடுங்கள். மாஸ்க் எதிரெதிர்ச் சமமாகிவிடும், வானம் 64 சதவீதம் மிஞ்சும். இரண்டு, வெக்டர் கூட்டலை விட்டுவிட்டுச் சராசரி ஒன்று, இருமுனைக் கூறுகள் மூன்று என நான்கு மாறிகளைப் பொருத்துங்கள். நான் இரண்டையும் சேர்த்துச் செய்வேன். விடைகள் ஒத்துப்போகாவிட்டால் ஏதோ கசிகிறது.

செய்முறை:

பைத்தானில் ஹீல்பை (வானத்தைச் சமபரப்புக் கட்டங்களாகப் பிரிக்கும் நிரல்தொகுப்பு) நிறுவுங்கள். கட்டங்களின் நுணுக்கத்தைச் சொல்லும் என்சைடு 64 எடுத்தால் வானம் 49,152 சமபரப்புக் கட்டங்களாகும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு மூலத்தையும் ஒரு கட்டத்தில் போட்டு எண்ணுங்கள். இங்கே மூன்று பள்ளம் உண்டு. ஹீல்பை இயல்பாகக் கேட்பது வட துருவத்திலிருந்து அளந்த கோணம், ரேடியனில். டெக்ளினேஷனைப் பாகையில் அப்படியே கொடுக்கக் கூடாது. அட்சரேகை தீர்க்கரேகை என்று சொல்லும் விருப்பத்தை இயக்கிவிட்டுக் கொடுங்கள். அடுத்து, கட்டங்களை வரிசைப்படுத்தும் முறை இரண்டு, ரிங், நெஸ்டட். பிளாங்க் கோப்புகள் நெஸ்டட். இரண்டையும் கலந்தால் வரைபடம் மணல் கொட்டியது போல ஆகிவிடும், ஆனால் நிரல் எந்தப் பிழைச் செய்தியும் தராது. மூன்றாவது, தரவு இல்லாத கட்டத்தில் மைனஸ் 1.6375 பெருக்கல் 10 அடுக்கு 30 என்ற எண் உட்கார்ந்திருக்கும். அதை மாஸ்க் செய்யாமல் சராசரி எடுத்தால் எல்லாம் போச்சு.

மறைக்க வேண்டியவை: கேலக்டிக் அட்சரேகை 15 பாகைக்குள் அனைத்தும், மிகப் பிரகாசமான மூலங்களைச் சுற்றிச் சின்ன வட்டம், ஏனென்றால் அவற்றின் பக்கமடல்கள் போலி மூலங்களை உண்டாக்கும்.

ஃப்ளக்ஸ் வரம்பு: 15 மில்லிஜான்ஸ்கிக்கு (ரேடியோ ஃப்ளக்ஸின் அலகு) கீழே போகாதீர்கள். என்விஎஸ்எஸ் எடுத்தபோது டெக்ளினேஷன் மைனஸ் 10க்குக் கீழேயும் பிளஸ் 78க்கு மேலேயும் ஆன்டெனா அமைப்பை மாற்றினார்கள். மங்கலான மூலங்களின் அடர்த்தி அந்தக் கோட்டில் படிபோலத் தாவும். 20 மில்லிஜான்ஸ்கி வைத்தால் ஏறத்தாழ மூன்று லட்சம் மூலங்கள் மிஞ்சும். கன்னங்குறிச்சி மேடம் சொன்ன கணக்கில் திட்ட விலக்கம் 0.0032. ஆக, எதிர்பார்க்கும் சைகை ஒன்றரை சிக்மாதான். இந்த ஒரு பட்டியலை வைத்து யாரும் தீர்ப்பு எழுத முடியாது. பிளேக்கும் வாலும் 2002இல் இதே பட்டியலில் திசை பொருந்துவதைக் காட்டினார்கள். 2011இல் சிங்கல் செய்த கணக்கில் வேகம் நொடிக்கு 1600 கிலோமீட்டர் அளவுக்கு வந்தது. பட்டியல் ஒன்று, விடைகள் தூரம்.

பொருத்தும்போது எடையைக் கவனியுங்கள். கட்டத்துக்குப் பத்து மூலத்தை ஒட்டித்தான் இருக்கும். "ஒன்றின் கீழ் அந்தக் கட்டத்தின் எண்ணிக்கை" என்று எடை போட்டால் குறைவாக உள்ள கட்டங்களுக்கு அதிக மரியாதை கிடைத்துச் சராசரியே இறங்கிவிடும். எல்லாக் கட்டத்துக்கும் ஒரே எடை, அல்லது பாய்சான் (தற்செயல் எண்ணிக்கைகளின் பரவல்) நிகழ்தகவை நேராக உச்சப்படுத்துங்கள்.


கன்னங்குறிச்சி
22 பிப்ரவரி 2025, இரவு 10.55

பாய்சான் என்று சொன்னதில் ஒரு திருத்தம். ஒரே ரேடியோ கேலக்ஸியின் இரண்டு மடல்களும் நடுக்கருவும் பட்டியலில் இரண்டு மூன்று வரிகளாகப் பதிவாகியிருக்கும். அதனால் கட்டங்களின் மாறுபாடு சராசரியைவிடக் கூடுதல். நெகட்டிவ் பைனாமியல் பரவல் நன்றாகப் பொருந்தும். பாய்சானோடு நின்றுவிட்டால் பிழைக்கோடு சின்னதாகி, இல்லாத சிக்மாக்கள் முளைக்கும். கட்டங்களின் மாறுபாட்டைச் சராசரியால் வகுத்து முதலில் பாருங்கள். ஒன்றைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தால் பிழையை அதன் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள்.


அஸ்தம்பட்டி
23 பிப்ரவரி 2025, காலை 7.15

ஏற்கிறேன்.

ஃப்ளக்ஸ் அளவுத்திருத்தம் பற்றி நேற்று எழுதாமல் விட்டேன். இந்தத் துறையில் முக்கால்வாசிச் சண்டை அதில்தான். எண்ணிக்கைப் பிழை = எக்ஸ் × ஃப்ளக்ஸ் பிழை. வானத்தின் ஒரு பக்கம் ஃப்ளக்ஸ் ஒரு சதவீதம் கூடுதலாக அளக்கப்பட்டிருந்தால், எக்ஸ் 1 என்றால் எண்ணிக்கை ஒரு சதவீதம் கூடும். நாம் தேடுவது அரை சதவீதத்துக்கும் கீழே. அந்த ஒரு சதவீத ஃப்ளக்ஸ் பிழையை ஒளியியலில் சொன்னால் 0.01 மேக்னிட்யூட் (பிரகாச அலகு). எக்ஸ் 1.7 உள்ள பட்டியலில் அது எண்ணிக்கையில் 1.6 சதவீதம். தரையிலிருந்து முழு வானத்துக்கும் அந்த அளவு சீராக வைப்பது மிகக் கடினம். பால்வீதித் தூசியின் மங்கலைத் திருத்துவதில் வரும் பிழையே அதைத் தாண்டும்.

நம் நாட்டு உதாரணம்: நாராயண்காவ் அருகே உள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியில் 150 மெகாஹெர்ட்ஸில் எடுத்த டிஜிஎஸ்எஸ் பட்டியல். டெக்ளினேஷன் மைனஸ் 53க்கு மேல் வானத்தின் 90 சதவீதம், 6.2 லட்சம் மூலங்கள். பரப்பில் என்விஎஸ்எஸ்ஸைவிட மேல். ஆனால் அதில் கிடைக்கும் இருமுனை என்விஎஸ்எஸ்ஸைவிடப் பல மடங்கு பெரிது. இரண்டு பட்டியலும் பெரும்பாலும் அதே மூலங்களைத்தான் பார்க்கின்றன என்பதால் பிரபஞ்சம் அலைவரிசைக்கு ஏற்ப மாற முடியாது. 150 மெகாஹெர்ட்ஸில் அயனி மண்டலமும், இரவுக்கு இரவு மாறும் அளவுத்திருத்தமும் பல பாகை அகலத்துக்கு ஃப்ளக்ஸை ஏற்றி இறக்கியிருக்க வேண்டும். தனி மூலங்களின் ஆய்வுக்கு அது அருமையான பட்டியல். இருமுனைக்கு எடுக்காதீர்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. தரைக் கணக்கெடுப்புகளின் பிழை பெரும்பாலும் டெக்ளினேஷனோடு ஓடும், ஏனென்றால் தொலைநோக்கியின் உயரக் கோணம் அதோடு மாறுகிறது. அது வடக்கு தெற்குக் கூறில் போய்ச் சேரும். நாம் தேடும் திசையோ மைனஸ் 7 பாகை, கிட்டத்தட்ட வான நடுவரையிலேயே கிடக்கிறது. அதன் வடக்கு தெற்குக் கூறு மொத்தத்தில் எட்டில் ஒரு பங்குதான். ஆகவே அந்தக் கூறை ஒதுக்கிவிட்டு ரைட் அசென்ஷன் தளத்தில் உள்ள இரண்டு கூறுகளை மட்டும் ஒப்பிட்டால் பாதுகாப்பு. மைனஸ் 40 முதல் பிளஸ் 40 வரை வெட்டிய வானத்தில் வடக்கு தெற்குக் கூறின் பிழையும் மற்றவற்றைவிட 1.8 மடங்கு பெரிது. அதனால் இழப்பும் குறைவு.


செவ்வாய்ப்பேட்டை
23 பிப்ரவரி 2025, மதியம் 1.10

எல்லாப் பழியையும் பட்டியல் மேல் போடுவது நியாயமில்லை. நுண்ணலைப் பின்னணியில் இருமுனைக்கு அடுத்த பெரிய வடிவங்களான நான்முனையும் எண்முனையும் ஒரே அச்சில் நிற்பது டபிள்யூமேப் செயற்கைக்கோளில் தெரிந்தது, பிளாங்கிலும் அப்படியே தெரிகிறது. கருவி வேறு, குழு வேறு. 2021இல் வந்த கேட்வைஸ் குவேசார் ஆய்வில் இருமுனை எதிர்பார்ப்பிலிருந்து 4.9 சிக்மா விலகல். இவ்வளவு தடயம் ஒரே பக்கம் சாய்ந்தால் ஐசோட்ரோபி (எத்திசையும் சமம் என்பது) உடைந்துவிட்டது என்று ஏன் சொல்லக் கூடாது?


மலைப்பாதை
23 பிப்ரவரி 2025, இரவு 8.30

நுண்ணலைப் பின்னணியை நான் எடுத்துக்கொள்கிறேன். குவேசார் அஸ்தம்பட்டி அண்ணனுக்கு.

இரண்டு செயற்கைக்கோளும் ஒரே வானத்தைத்தான் பார்க்கின்றன. கருவிக் கோளாறு இல்லை என்பதற்கு அது சான்று. தற்செயல் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. நமக்கு இருப்பது ஒரே ஒரு வானம். நான்முனைக்கு ஐந்து எண்கள், எண்முனைக்கு ஏழு எண்கள், அவ்வளவுதான் தகவல். நான்முனையின் வலிமையில் தற்செயல் மாறுபாடே 63 சதவீதம், எண்முனைக்கு 53. பிளாங்க் அளந்த நான்முனை 226 மைக்ரோகெல்வின் வர்க்கத்தை ஒட்டியது, மாதிரி எதிர்பார்ப்பது ஆயிரத்தை ஒட்டி. பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஐந்தே எண்களில் அது நடக்கக் கூடியதே.

அச்சு விஷயம். தொடர்பே இல்லாத இரண்டு அச்சுகள் ஒன்றுக்கொன்று 10 பாகைக்குள் விழ வாய்ப்பு 1 கழித்தல் கொசைன் 10, அதாவது 1.5 சதவீதம். வரைபடத்துக்கு வரைபடம் கோணம் சில பாகை மாறுகிறது. அதில் சேர்க்க வேண்டியது: நம் ஓட்டம் வேகத்தின் இரண்டாம் அடுக்கில் சில மைக்ரோகெல்வின் அளவுக்கு ஒரு நான்முனையை உண்டாக்குகிறது. அதைக் கழிக்காமல் அச்சைக் கணக்கிட்டால் திசை நகர்ந்துவிடும்.

அந்த 1.5 சதவீதத்தைப் பார்த்த பிறகுதான் அதற்கான சோதனையையே அமைத்தார்கள். குளிர்ப்புள்ளி, அரைக்கோளச் சமமின்மை, ஒற்றை இரட்டை வேறுபாடு, பெரிய கோணத்தில் தொடர்பின்மை என்று பட்டியல் நீளம். ஒவ்வொன்றும் நூற்றில் ஒன்று என்றால், தொடர்பற்ற பத்துச் சோதனையில் ஏதாவது ஒன்று தட்டுப்பட வாய்ப்பு 9.6 சதவீதம். நூறு சோதனை செய்தால் 63.

முன்கூட்டியே வரையறுத்த சோதனை வேண்டும் என்றால் புனேயில் ஹாஜியனும் தருண் சௌரதீப்பும் 2003இல் கொடுத்த இருமுனைக் கோள ஒத்திசை முறையைப் பாருங்கள். வானம் எத்திசையும் சமம் என்றால் வெவ்வேறு கோண அளவுகளின் கெழுக்களுக்கு இடையே தொடர்பு இருக்கக் கூடாது. அடுத்தடுத்த அளவுகளுக்கு இடையே தொடர்பு வந்தால் இருமுனை வடிவத்தில் ஏதோ குலைக்கிறது. அதே கருத்தில்தான் பிளாங்க் குழு 2013இல் நம் வேகத்தையே, இருமுனையைத் தொடாமல், சிறிய கோண அளவுகளில் வரும் நெருக்கத்திலிருந்து அளந்தது. நொடிக்கு 384 கிலோமீட்டர், பிழை 78, முறைசார் பிழை 115. அது 370உடன் பொருந்துகிறது. இருமுனை நம் ஓட்டத்தால் வருகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

பிரபஞ்சமே ஒரு திசையில் வேகமாக விரிகிறதா, சுழல்கிறதா என்பது தனிக் கேள்வி. சாதேயும் உடனிருந்தவர்களும் 2016இல் பிளாங்க் தரவின் வெப்பநிலை, துருவமுனைவு இரண்டையும் வைத்துப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட விரிவுக்கு எதிராக 1,21,000க்கு ஒன்று.

ஆனால் செவ்வாய்ப்பேட்டை சொல்வதில் ஒன்றை ஒதுக்க மாட்டேன். அரைக்கோளச் சமமின்மை, பெரிய கோண அளவுகளில் ஏழு சதவீத ஏற்ற இறக்கம், இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. வெப்பநிலைத் தரவை இனி எத்தனை முறை அலசினாலும் அது தீராது, வானம் ஒன்றுதான் என்பதால். தீர்க்க வேண்டியது துருவமுனைவுத் தரவு.


அஸ்தம்பட்டி
23 பிப்ரவரி 2025, இரவு 10.20

கேட்வைஸ் விவரம். வைஸ் செயற்கைக்கோளின் 3.4, 4.6 மைக்ரான் பட்டைகளின் நிற வேறுபாட்டை வைத்துக் குவேசார்களைப் பிரித்தார்கள். கேலக்டிக் அட்சரேகை 30க்குள் மறைத்த பிறகு 13.55 லட்சம். எக்ஸ் 1.7, ஆல்ஃபா 1.26, எதிர்பார்ப்பு 0.0072. கிடைத்தது 0.0155. இரண்டு மடங்குக்கு மேல். திசை நுண்ணலை இருமுனையிலிருந்து 28 பாகை தள்ளி.

இதை நான் லேசாக எடுக்கவில்லை. விண்வெளியிலிருந்து ஒரே கருவியால் எடுத்தது, அயனி மண்டலம் இல்லை, வளிமண்டலம் இல்லை. கன்னங்குறிச்சி மேடத்தின் இரைச்சல் கணக்கைத் தாண்டி நிற்கிறது.

தயங்க வைப்பவை வேறு. வைஸ் துருவத்திலிருந்து துருவம் போய் வருடும் என்பதால் எக்லிப்டிக் (பூமியின் சுற்றுப்பாதைத் தளம்) துருவங்களில் பார்வை எண்ணிக்கை மிக அதிகம், எக்லிப்டிக் தளத்தில் குறைவு. குவேசார் அடர்த்தியும் தளத்திலிருந்து துருவத்துக்குப் போகப் போகக் குறைகிறது. ஆய்வாளர்களே அதை நேர்கோடாகப் பொருத்திக் கழித்திருக்கிறார்கள். அந்தப் போக்கு வடக்கு தெற்கில் சமம் என்பதால் தானாக இருமுனை ஆகாது. மாஸ்க் வழியாகக் கொஞ்சம் கசியலாம். நேர்கோடு போதுமா, வளைகோடு வேண்டுமா என்று மாற்றிப் பார்ப்பது முதல் வேலை. இரண்டாவது, எக்ஸும் ஆல்ஃபாவும் பிரபஞ்ச வயதோடு மாறினால் சூத்திரத்தில் ஒரே எண்ணாகப் போடுவது சரியா என்பது. மூன்றாவது, அருகிலுள்ள கொத்துகள். நம் உள்ளூர்க் கேலக்ஸிக் கூட்டமே நொடிக்கு 620 கிலோமீட்டரில் இழுபடுகிறது. அருகிலுள்ள பொருள்கள் பட்டியலில் நுழைந்தால் உண்மையான அடர்த்தி வேறுபாடு இருமுனையாக வந்து சேரும். குவேசார்களில் இது சின்னது, ரேடியோவில் பெரிது.

ஆகவே "உடைந்துவிட்டது" என்று எழுத மாட்டேன். "ஒன்றுமில்லை" என்றும் எழுத மாட்டேன். இன்றைக்கு இருக்கும் திசைச் சோதனைகளில் உண்மையிலேயே பதில் தேவைப்படுவது இது ஒன்றுதான்.


கன்னங்குறிச்சி
24 பிப்ரவரி 2025, காலை 6.40

மனிதக் கண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுருள் கேலக்ஸிகள் கடிகாரச் சுற்றா எதிர்ச்சுற்றா என்று வானத்தின் ஒரு பக்கம் ஒன்று மிகுகிறது என்ற கூற்று நெடுநாளாக உண்டு. கேலக்ஸி ஜூ திட்டத்தில் பொதுமக்கள் படம் பார்த்துப் பிரித்தபோது எதிர்க்கடிகாரம் அதிகம் வந்தது. உடனே படங்களைக் கண்ணாடிபோல இடம்வலம் மாற்றி மீண்டும் காட்டினார்கள். அப்போதும் எதிர்க்கடிகாரமே அதிகம். சாய்வு வானத்தில் இல்லை, பார்ப்பவர்களிடம். கண்ணாடிப் படம் காட்டாமல் விட்டிருந்தால் அது பிரபஞ்சக் கண்டுபிடிப்பாக அச்சேறியிருக்கும். இந்தச் சோதனையைக் கணினி வகைப்பாட்டுக்கும் கட்டாயம் செய்ய வேண்டும்; நிரலும் ஒரு பக்கம் சாயும்.


ஓமலூரான்
25 பிப்ரவரி 2025, இரவு 9.00

எக்ஸை எங்கே எடுப்பது? முழுப் பட்டியலுக்கும் ஒரே சரிவா?


மலைப்பாதை
25 பிப்ரவரி 2025, இரவு 9.25

வரம்புக்குப் பக்கத்தில் மட்டும். வரம்பைத் தாண்டி உள்ளே வருவதும் வெளியே போவதும் அங்கேதான் நடக்கிறது. 20 மில்லிஜான்ஸ்கி வரம்பு என்றால் 18 முதல் 24 வரை உள்ள எண்ணிக்கைச் சரிவை எடுங்கள். விரிவில்லாத, மாறாத பிரபஞ்சத்தில் அது 1.5ஆக இருக்கும். உண்மையில் அப்படி இல்லை என்பதே அந்தக் காலத்துப் பெரிய சண்டை. ஊட்டியில் 1970இல் வந்த 530 மீட்டர் நீளத் தொலைநோக்கி, நிலா மூலங்களை மறைக்கும் நொடியில் அவற்றின் கோண அளவைப் பிடித்து, ரேடியோ மூலங்கள் காலத்தோடு மாறியிருக்கின்றன என்பதற்கு வலு சேர்த்தது. 11 பாகை சரிந்த மலையில், அட்சரேகைக்குச் சமமான சாய்வில் அதை நிறுத்தியதால் சுழல் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. கோவிந்த் ஸ்வரூப் குழுவின் அந்த இடத்தேர்வு இன்றும் வியக்க வைக்கிறது.


செவ்வாய்ப்பேட்டை
12 மார்ச் 2025, காலை 10.15

இன்று காலை நம் நேரம் 8.40க்கு ஸ்பியரெக்ஸ் விண்வெளித் தொலைநோக்கி ஏவப்பட்டுவிட்டது. முழு வானமும், 0.75 முதல் 5 மைக்ரான் வரை 102 நிறப் பட்டைகள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை முழுச் சுற்று. குவேசார்களின் தூரத்தை நிறத்திலிருந்தே பிரிக்கலாம் என்பதால் அருகிலுள்ள கொத்து, ஆல்ஃபா மாற்றம் என்று அண்ணன் சொன்ன இரண்டு தயக்கமும் தீர வழி இருக்கிறது.


அஸ்தம்பட்டி
12 மார்ச் 2025, இரவு 9.50

வழி இருக்கிறது. ஆனால் அதுவும் துருவங்களில் அதிகம், தளத்தில் குறைவு என்று வருடும் கருவிதான். வைஸின் ஆழ வேறுபாட்டுச் சிக்கல் வேறு உருவில் வரும். பார்வை எண்ணிக்கை வரைபடத்தைப் பட்டியலோடு சேர்த்து இறக்கிக்கொள்ளுங்கள்.

ஓமலூரான் உண்மைத் தரவில் கை வைக்கும் முன் செய்ய வேண்டியது போலி வானம். 0.0046ஐக் கொசைனால் பெருக்கிக் கட்டங்களில் ஏற்றிவிடுவது போதாது. மூலங்களைச் சீராகத் தூவி, அளந்த எக்ஸ்படி ஃப்ளக்ஸ் கொடுங்கள். வரம்புக்கு ஒரு சதவீதம் கீழேயிருந்தே தொடங்குங்கள். ஓட்டத்தால் ஃப்ளக்ஸ் மாறுவது அதிகபட்சம் 0.2 சதவீதம் என்பதால் அது போதும். வரம்பிலேயே தொடங்கினால் உள்ளே ஏறி வர மூலமே இருக்காது, விடை குறைந்துவிடும். பிறகு ஒவ்வொன்றின் இடத்தையும் ஓடும் திசைக்கு நகர்த்துங்கள், அதிகபட்சம் 4.2 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). ஃப்ளக்ஸைத் திருத்துங்கள். அப்புறம் வரம்பு, அப்புறம் அதே மாஸ்க், அதே பொருத்தல். ஆயிரம் போலி வானங்களின் சராசரிக் கூறுகள் போட்ட எண்ணைத் திருப்பித் தர வேண்டும். ஆயிரத்தை வைத்து ஆயிரத்தில் ஒன்றுக்குக் கீழே எந்த நிகழ்தகவும் சொல்ல முடியாது. 5 சிக்மாவை நேராக எண்ணிக் காட்ட முப்பது லட்சத்துக்கு மேல் வேண்டும்.

வரம்பு, மாஸ்க் இரண்டையும் எழுதித் தேதி போட்டு வைத்துவிட்டு ஓட்டுங்கள்.


ஓமலூரான்
13 மார்ச் 2025, காலை 7.05

என்சைடு 64 போதுமா, 128க்குப் போகட்டுமா?


கன்னங்குறிச்சி
13 மார்ச் 2025, காலை 7.30

64 போதும் தம்பி. கட்டம் ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவு. இருமுனை வானம் முழுக்கப் பரவியது, கட்ட அளவு அதைத் தொடாது. மாஸ்க் விளிம்பு வெட்டும் கட்டங்களை மட்டும் பாதியாக எண்ணாமல் முழுதாகவே நீக்கிவிடுங்கள். அதன் பிறகு 32இலும் 128இலும் ஒரு முறை ஓட்டுங்கள். மூன்று விடையும் பிழைக்கோட்டில் பத்தில் ஒரு பங்குக்குள் ஒத்துப்போக வேண்டும்.